குறிக்கோளும் நாளொழுங்கும்

மக்கட்பிறப்பு எய்துதற்கரியது என்பதனைச் சைவநூல்கள் யாவும் ஒருமுகமாகக் கூறும். அரியதொரு பொருளைப் பெற்றவன், அதனை இன்ன பயனுக்கு ஆக்குவேன் என்று துணிந்து, அத்துணிவிற்கேற்பத் தன் நாளையும் பொழுதையும் வகுத்துக்கொள்ளுதல் முறையேயாம். பொற்காசு பெற்றவன் அதனைத் தெருவில் எறிந்து நடப்பதில்லை. பொழுதை மட்டும் பெரும்பாலார் அங்ஙனமே எறிந்து நடக்கின்றனர். குறிக்கோளின்றிக் கழிந்த நாட்களை நினைந்து அப்பர் பெருமானே இரங்கினார் எனின், ஏனையோர் திறத்துச் சொல்லவேண்டுவது யாது?

இனி, இவ்விடத்து அன்பர் சிலர்க்கு ஓர் ஐயம் நிகழும். எல்லாஞ் சிவன் செயல் எனத் தெளிந்தான் ஒருவன், தன் வாழ்க்கைக்குத் தானே ஒரு திட்டம் வகுத்தல் தகுமோ? இதனைச் செய்து முடிப்பேன், இன்ன ஆண்டில் இன்னதை எய்துவேன் என்னும் எண்ணம் ஆணவத்தின் கூறன்றோ? வருவது வருமென்று அமைந்திருத்தலன்றோ அடியவர்க்கு அழகு? இவ்வாறு வினவுவோருள் மெய்யாகவே அமைந்திருப்போர் சிலர். பலர் சோம்பலுக்குச் சித்தாந்தத்தைத் துணையழைப்பவர் என்பதனைக் கூறாது விடுதல் இயலாது. எனினும் வினா வினாவேயாதலின் விடை வேண்டும்.

ஊழுக்கு ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவனாரே ஆள்வினையுடைமைக்கும் ஓரதிகாரம் வகுத்தார். முன்னது அறத்துப்பாலின் ஈற்றிலும், பின்னது பொருட்பாலினுள்ளும் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்குமென அவர் கருதியிருப்பின் இரண்டும் ஒரு நூலுள் நில்லா. சித்தாந்தமும் இதற்கு மாறாகக் கூறிற்றில்லை. நுகர்வினையாகிய பிராரத்தம் வந்தே தீரும். ஆயின் அதனை நுகருமிடத்து உயிர் விழைந்தும் அறிந்தும் முயன்றும் நிற்றலானன்றோ ஆகாமியம் ஏறுகின்றது? நுகர்ச்சியிற் கட்டுண்டவன் முயற்சியினும் முற்றக் கட்டுண்டவனே எனின், சரியை கிரியை யோகம் ஞானமென நாற்படி வகுத்து, இன்னது முன் இன்னது பின் என ஆகமங்கள் விதித்தது யார்க்கு? தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்க்கு உதவியது உயிர் சும்மா கிடத்தற்பொருட்டன்று. ஆதலின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்தல் சைவர்க்கு விலக்கன்று என்பது எளிதிற் பெறப்படும்.

எளிதிற் பெறப்படாதது ஒன்று உண்டு. ஒருவன் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு அவனை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்? எவ்விடத்தில் அது கைவிடும்? இதனை ஆராய்தற்கு, அவ்வாறு வகுத்து வாழ்ந்தவன் ஒருவன் தன் கணக்கை ஒளியாது எழுதிவைத்திருத்தல் வேண்டும். திட்டமிட்டு வாழ்ந்தோர் பலர். திட்டம் எங்கே பிழைத்தது என்பதையும் உடன் எழுதிவைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க தேயத்துப் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் சைவமும் அறியார், தமிழும் அறியார். ஆயினும் உயிரின் இயல்பு தேயந்தோறும் வேறுபடுவதன்றாதலின், அவர் கணக்கு ஈண்டைக்குப் பெரிதும் பயன்படும்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் காய்ச்சி விற்பாரொருவருக்குப் பதினைந்தாம் மகவாகப் பிறந்தார். பள்ளியிற் பயின்றது ஏறக்குறைய இரண்டாண்டே. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் கற்கச் சேர்ந்தார். பதினேழாம் வயதில் அங்கு நின்றும் அகன்று பிலடெல்பியா நகரம் புக்கார். அச்சுத்தொழிலால் பொருளீட்டி, 42-ஆம் வயதாகிய 1748-ல் அத்தொழிலினின்று விலகி, மின்னாராய்ச்சியினும் ஊர்நலத்தினும் அரசியலினும் எஞ்சிய நாளைச் செலவிட்டார். 1776-ல் அத்தேயத்தின் விடுதலைச் சாசனத்தினும், 1787-ல் அரசமைப்புச் சாசனத்தினும் அவர் கையொப்பம் உண்டு. இவை உலகறிந்தன. ஈண்டு வேண்டுவது அவர் இளமையில் மேற்கொண்ட ஒரு முயற்சியே.

அச்சுத்தொழில் நிலைபெறத் தொடங்கிய அந்நாளில், எக்காலத்தும் எக்குற்றமும் செய்யாது வாழவேண்டும் என்று அவர் துணிந்தார். எது நன்று எது தீது என்பது தெரிந்திருக்க, ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுதல் ஏன் இயலாது என்பது அவர் எண்ணம். இறங்கிப் பார்த்தபொழுதுதான் ஒரு குற்றத்தைக் காத்துநிற்கும்போதே மற்றொன்று பின்னால் வந்து பற்றுகின்றது என்பது தெரியலாயிற்று. பழக்கம் அயர்ச்சி பார்த்து நுழையும். விருப்பம் அறிவை மீறும். ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையும் வேண்டும் எனக் கண்டு ஒரு முறை வகுத்தார்.

அளவுண்டல், சொற்சுருக்கம், ஒழுங்கு, உறுதி, செட்டு, முயற்சி, வஞ்சமின்மை, நீதி, மிகையின்மை, தூய்மை, அமைதி, கற்பு, பணிவு எனப் பதின்மூன்று குணங்களை நிரல்பட எழுதினார். சிறு புத்தகம் ஒன்று செய்து, குணம் ஒன்றிற்கு ஒரு பக்கமாக வைத்து, ஒவ்வொரு பக்கத்தினும் செம்மையாற் கோடிட்டு, கிழமை ஏழிற்கு ஏழு பத்தியும், குணம் பதின்மூன்றிற்குப் பதின்மூன்று வரியுமாகக் கட்டம் வகுத்தார். மாலைதோறும் அன்றைய நாளை ஆராய்ந்து, எக்குணத்தில் வழுவினாரோ அக்கட்டத்தில் ஒரு கரும்புள்ளி இடுவார். ஒரு வாரத்திற்கு ஒரு குணத்தின்மேல் மட்டும் விழிப்பு. ஏனையவற்றை அவ்வவற்றின் போக்கில் விட்டுப் புள்ளி மட்டும் இடுதல். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டிற்கு நான்கு சுற்று. தோட்டத்திற் களைபறிப்பவன் எல்லாப் பாத்தியிலும் ஒருங்கே கைவையாது, ஒரு பாத்தியை முடித்து அடுத்ததற்குச் செல்வதுபோல, என்று இதற்கு அவரே ஓர் உவமையுங் கூறினார். நன்னூலைப் பாடங்கேட்போன் ஒரே நாளில் முழுநூலையும் விழுங்க முயலாது, சில சூத்திரங்களை நெட்டுருச் செய்து ஒப்பித்தபின் மேற்செல்லும் திருமடத்து முறையும் இதுவே.

ஒழுங்கு என்னும் குணத்தின்பொருட்டு நாட்பொழுதையும் பகுத்துவைத்தார். காலை 5 மணிக்கு எழுதல். உடல் தூய்மை செய்து, பேராற்றலுடைய நன்மைப் பொருளை வழுத்தி, அன்றைக்குச் செய்வதனைத் துணிதல், கற்றல், காலையுணவு. 8 முதல் 12 வரை தொழில். 2 மணி வரை படித்தல், கணக்குப் பார்த்தல், உண்ணல். 6 வரை மீண்டும் தொழில். பின்னர்ப் பொருள்களை அவ்வவற்றின் இடத்தில் வைத்தல், இரவுணவு, இசையேனும் உரையாட்டேனும், நாளை ஆராய்தல். 10 மணிக்குத் துயிலல். காலையில் இன்று என்ன நன்மை செய்வது என்றும், மாலையில் என்ன நன்மை செய்யப்பட்டது என்றும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதலும் அதனுள் அடக்கம்.

வைகறை எழுதலும் நீராடலும் நீறணிதலும் அநுட்டானமும் பொழுதுபார்த்துச் செய்யும் சைவ நன்மக்களுக்குக் காலைப்பகுதியிற் புதுமை ஒன்றுமில்லை. மாலைக்கணக்குத்தான் நம்மவரிடை அரிது. காலையிற் செபத்திற்கு எண் வைப்போருள், மாலையிற் சினத்திற்கு எண் வைப்போர் எத்துணையர்? சித்திரை முதல்நாளிற் புதுப்புத்தகம் வாங்கிக் கோடிட்டு, ஐந்தாம் நாள் முதல் அதிற் பாற்கணக்கு எழுதுவோர் உளர். அவரை நகுதற்கில்லை, கோடிடும் எண்ணமேனும் அவர்க்கு ஒருநாள் தோன்றிற்று.

பிராங்க்ளினுக்கு நேர்ந்தது யாது? தாம் எண்ணியதினும் பன்மடங்கு குற்றங்கள் தம்பாலிருத்தலைக் கண்டு வியந்தார். பழம்புள்ளியைச் சுரண்டிச் சுரண்டிப் புதுச்சுற்றுக்கு இடஞ் செய்ததில் புத்தகத்தின் தாள் ஓட்டையாயிற்று. பின்னர்த் தந்தத்தாலாகிய இதழ்களிற் செங்கோடிட்டுக் கரிக்கோலாற் புள்ளியிட்டு, ஈரப்பஞ்சால் துடைக்கலானார். ஆண்டிற்கு நான்கு சுற்று என்றது ஒன்றாய், பின்னர்ச் சில ஆண்டிற்கு ஒன்றாய், கடல்கடந்து செல்லத் தொடங்கியபின் அற்றேவிட்டது. புத்தகம் மட்டும் எப்போதும் உடனிருந்தது. அனைத்தினும் மேலாக அவரை வருத்தியது ஒழுங்கு என்னும் மூன்றாங் குணமே. வேலைகளைப் பொழுதுபார்த்துச் செய்தலும், தாள்களை இடமறிந்து வைத்தலும் அவர்க்கு இறுதிவரை கைவந்தில. உலகிற்கு நாளொழுங்கு கற்பித்தவர் மேசைமேல் தாள்கள் சிதறிக்கிடந்தன என்பது சிறிது ஆறுதல் தருவதே.

இவ்விடத்து அவர் கூறும் கதையொன்று உண்டு. கோடரி வாங்கிய ஒருவன் அதன் வாய்போலவே முகம் முழுதும் பளபளத்தல் வேண்டுமென்றான். கொல்லன், சாணைச் சக்கரத்தை நீயே சுற்றினால் தீட்டித் தருவேன் என்று ஒப்பினான். கோடரியின் அகன்ற முகத்தை அவன் கல்லில் அழுத்தியபோது சக்கரம் சுற்றுதல் பெருவருத்தமாயிற்று. இடையிடையே வந்து பார்த்து, இறுதியில், போதும், கோடரியைத் தருக என்றான் வாங்கினவன். இன்னுஞ் சுற்றுக, இப்போது புள்ளிபுள்ளியாகவே மின்னுகின்றது என்றான் கொல்லன். புள்ளிக் கோடரியே எனக்கு மிக விருப்பம் என்று சொல்லிப் போயினான். பலரும் நற்குணத்தைத் தேடுமிடத்து இவ்வாறே முடிக்கின்றனர் என்பது பிராங்க்ளின் கருத்து. தம்மையும் அப்பலருள் ஒருவராக வைத்து உரைத்தது அவர் நேர்மை.

கோடரிக்கு வாய் கூரிதாயிருப்பின் அமையும். முகத்தின் கறை மரம் வெட்டுதற்குத் தடையன்று. தொழில், கல்வி, பொருள், ஊர்ப்பணி என்னும் இவை குறித்த நோக்கங்களும் அத்தகையனவே. அவற்றிற்குப் புள்ளிக் கோடரி போதும். அதனாற் பிராங்க்ளின் வெட்டிய மரங்கள் சிலவல்ல. இவ்வெல்லைக்குள் அவர் முறையிற் பழுதில்லை. சைவ மாணாக்கர் இன்றும் மேற்கொள்ளத்தக்கதே. உயிரின் மாசு அங்ஙனமன்று. செம்பிற் களிம்பை அதற்கு உவமை கூறுதல் சித்தாந்த மரபு. புளியிட்டு விளக்கினாற் செம்பு ஒளிரும். ஒருநாள் விட்டால் மீண்டும் களிம்பேறும். இரதகுளிகை பட்டவிடத்தே அச்செம்பு பொன்னாகிக் களிம்பு அறும். பிராங்க்ளின் தந்த இதழில் இட்டுத் துடைத்த புள்ளிகள் புளியிட்டு விளக்கும் வேலை. விளக்குதல் வேண்டா என்று யாரும் கூறார். விளக்குகின்ற கையிலும் களிம்பு உண்டு என்பதுதான் ஈண்டு அறியவேண்டுவது.

அதனை அவரே ஒருவாறு கண்டார். முதலில் அவர் எழுதிய குணங்கள் பன்னிரண்டே. குவேக்கர் என்னும் சமயத்தாராகிய நண்பரொருவர், நீ செருக்குடையன் என்று பலரும் எண்ணுகின்றனர் என்று அன்போடு கூறினார். வாதத்தில் தம் பக்கம் வென்றதோடமையாது எதிரியை மிதித்து நிற்கும் வழக்கத்தை எடுத்துக்காட்டுகளுடன் சொல்லித் தெளிவித்தார். அதன்மேலே பணிவு என்பது பதின்மூன்றாவதாக வந்து சேர்ந்தது. பன்னிரண்டு குணங்களையும் தாமே ஆராய்ந்து கண்ட கூரறிவுக்குத் தன் செருக்கு மட்டும் தோன்றவில்லை! 79-ஆம் வயதில் இவ்வரலாற்றை எழுதுமிடத்து, செருக்கைப்போல அடக்கற்கரிய குணம் பிறிதில்லை என்றும், அதனை முழுதும் வென்றதாக எண்ணினால் அப்பணிவைப் பற்றியே செருக்குத் தோன்றும் என்றும் அவர் கூறி முடித்தார். ஆணவத்தின் இயல்பைச் சித்தாந்த நூல் ஒன்றேனும் பயிலாத ஒருவர் இத்துணை நெருங்கிக் கண்டது வியப்பேயாம். கட்டத்திற் புள்ளியிடும் யான் என்பது கட்டத்திற்கு வெளியே நிற்கின்றது. அதற்குப் புள்ளியிடுவார் யார்?

இதனினும் பெரிய சான்று ஒன்று அவர் வாழ்விலேயே உண்டு. பதின்மூன்று குணங்களுள் நீதி எட்டாவது. யார்க்கும் தீங்கு செய்யாமையும், செய்யவேண்டும் நன்மையைத் தவிர்க்காமையும் நீதி என அவர் பொருள் வகுத்திருந்தார். அவ்வாறு வகுத்தவர் வீட்டிலேயே பல்லாண்டுகளாக ஆப்பிரிக்க மரபினர் அடிமைகளாயிருந்தனர். அவர் 1729 முதல் நடத்திய பென்சில்வேனியா கெஜட் என்னும் செய்தித்தாளில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருமாறு வேண்டும் விளம்பரங்களும் வெளிவந்தன. அடிமை வைத்தல் கொடிதென்று குவேக்கர் சிலர் எழுதிய நூல்களையும் அவர் அச்சுக்கூடமே அச்சிட்டது. எழுத்தைக் கோத்த கைக்கும் நீதிக்கட்டத்திற் புள்ளியிட்ட கைக்கும் இடையே ஒரு தொடர்பும் உண்டாகவில்லை. 1757-ல் அவர் இலண்டனுக்குச் சென்றபோது பீட்டர், கிங் என்னும் அடிமைகள் இருவர் உடன்சென்றனர். அவருள் கிங் என்பவன் ஓடிப்போனான். பின்னர் அவன் இருக்குமிடம் தெரிந்தபோது, ஆங்கில நாட்டுச் சீமாட்டி ஒருத்தி அவனைப் பள்ளிக்கு அனுப்பி, எழுதப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்பித்து வைத்திருந்தாள். ஒருவன் ஓடிப்போகின்றான் எனின், அவன் இருந்த வீட்டில் ஏதோ பிழையுண்டு. அப்பிழைக்கு அச்சிறு புத்தகத்திற் கட்டமில்லை. கட்டமில்லாத குற்றத்திற்குப் புள்ளி விழுவதெங்ஙனம்?

அவர் தீயவரல்லர் என்பதனை மறத்தலாகாது. தீயவராயின் இச்சான்று ஈண்டைக்குப் பயன்படாது. மாலைதோறும் தம்மைத் தாமே மெய்யாக ஆராய்ந்த ஒருவர், நாடோறும் தம் கண்முன் நின்ற அநீதியைப் பல்லாண்டு காணாதிருந்தார் என்பதே அஞ்சத்தக்கது. அக்கண் பின்னர்த் திறந்தது. திறந்ததும் புத்தகத்தால் அன்று. 1763-ல் பிலடெல்பியாவிற் கறுப்பினச் சிறார் பயிலும் பள்ளியொன்றைப் பார்வையிட்டார். அச்சிறாரின் அறிவு ஏனைச் சிறாரின் அறிவுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று என்பதைக் கண்டு, தம் பழைய எண்ணம் தவறென அவ்வாண்டு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். குவேக்கர் நண்பர்களும் விடாது வற்புறுத்தி வந்தனர். அதன்பின்னும் இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. 1787-ல் பென்சில்வேனியா அடிமையொழிப்புக் கழகத்தின் தலைமையை ஏற்றார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்குமாறு அத்தேயத்துப் பேரவைக்கு விடுத்த விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ல் உயிர் நீத்தார். பேரவை அவ்விண்ணப்பத்தை ஏற்றிலது. அத்தேயத்தில் அடிமை முறை ஒழிந்தது 1865-லேதான்.

இதற்குக் காரணம் யாதென மெய்கண்ட சாத்திரத்தால் ஆராய்க. சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரம் உயிரைக் கண்ணோடு ஒப்பிடுகின்றது. கண் காணுந் தன்மையுடையதேனும், உயிர் உடன்நின்று காட்டினன்றித் தானாக ஒன்றையும் காணாது. உயிரும் அறியுந் தன்மையுடையதேனும், இறைவன் உடன்நின்று காட்டியுங் கண்டும் உதவினன்றித் தானாக ஒன்றையும் அறியாது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என ஆசிரியர் வழங்குவர். கட்டம் வகுத்தல் கண் செய்யும் தொழில். ஏற்கெனவே தனக்குத் தோன்றிய குற்றத்தையே அது வகுக்கும். தோன்றாத குற்றத்தைத் தோன்றச் செய்தல் காட்டுவானொருவன் செயல். அவன் குருவாயும் நண்பனாயும் அடியார் கூட்டமாயும் வருவன். சிலபோது ஓடிப்போன ஏவலாளனாயும், பள்ளியிற் பாடம் ஒப்பிக்கும் சிறுவனாயும் வருவன். பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலைக் கூறியதும் இதுபற்றியே. என் குறிக்கோள், என் ஒழுங்கு, என் வெற்றி என்று நிற்பவனுக்குக் காட்டுவான் வந்தாலும் இடையூறு செய்வானாகவே தோன்றும். பணி என்று நிற்பவனுக்கு அவ்விடையூறே ஆணையாகத் தோன்றும்.

பிறதேயத்தார் குற்றத்தைக் கூறி மகிழ்தற்கு இஃது எழுதப்படவில்லை. அறுபத்து மூவருள் ஒருவராகிய திருநாளைப்போவாரை நினைக்க. தில்லைக் கூத்தனைக் கண்டு வழிபடுதல் அவர் குறிக்கோள். அதற்கேற்பவே அவர் வாழ்வும் அமைந்திருந்தது: திருக்கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழிற்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தலே அவர் தொழில். குறிக்கோளிலும் குறைவில்லை, ஒழுங்கிலும் குறைவில்லை. ஆயினும் நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாள்கள் கழிந்து, அச்சொல்லே அவர்க்குப் பெயராயிற்று. நாளைக்கு என்று தள்ளுதல் நம்மவர்பாற் சோம்பலாற் பிறக்கும். அவர்பாற் பிறர் வைத்த வேலியாற் பிறந்தது. வேலிக்கு உட்புறத்தே நின்றோர் சந்தியாவந்தனத்தில் ஒரு நாழிகையும் தவறாதவராயிருத்தல் கூடும். அவர் நித்திய கருமப் பட்டியலில் வெளியே நின்றவரைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் வரலாற்றை வருடந்தோறும் குருபூசையிற் படித்துக் கண்ணீர் வடித்த சைவ உலகம், அவர் குலத்தாருக்கு மதுரைத் திருக்கோயில் வாயிலைத் திறந்தது 1939-ல். சென்னை மாகாண முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். படித்த கண்ணும் வடித்த கண்ணும் ஒரே கண்தான், காட்டப்பட்டது பின்னரே.

அற்றேல், ஒழுங்கினாற் பயன் யாது, காட்டுவான் காட்டும்வரை வாளா இருக்கலாமே எனின், தண்டியடிகள் வரலாறு அதற்கு விடை கூறும். பிறவியிலேயே கண்ணிலாதவராகிய அவர், திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தின் பரப்புக் குறைந்திருத்தலை அறிந்து, அதனைத் தோண்டி அகலப்படுத்தத் துணிந்தார். கண்ணில்லார் மண் வெட்டிச் சுமந்து கரையேற்றுதல் எங்ஙனம்? வெட்டுமிடத்தில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டற்கும் கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே போயும் வந்தும் மண்ணெடுத்தார். வாழ்க்கை ஒழுங்கு எனப்படுவது அக்கயிறே. காணமாட்டாதவன் தன் காணாமையை ஒப்புக்கொண்டு கட்டுவது அது. கயிறு அவர்க்குக் கண்ணாயிற்றில்லை. கண்ணில்லாத நாட்களில் பணி தடைப்படாமற் காத்தது. பொறாதார் சிலர் ஒருநாள் மண்வெட்டியையும் தறியையும் கயிற்றையும் பறித்தனர். அவர் வகுத்த முறை அன்றோடு முடிந்தது. அக்குளத்திலேயே மூழ்கி எழுந்தபோது கண் பெற்றார் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. கயிறு கட்டாது கரையிற் குந்தியிருந்தார்க்கு அது நிகழ்ந்ததில்லை. கயிற்றை அறுத்தவிடத்துப் பணியையும் விட்டு வீடுசென்றிருப்பின் அவர்க்கும் நிகழ்ந்திராது.

வாழ்வுக்குத் திட்டம் வகுப்பார் இவ்விரண்டிடத்தையும் கருதிப் பார்த்தல் நன்று. தேர்வு தவறிய ஆண்டு, நோய் வந்த ஆண்டு, குடும்பத்தில் ஒருவர் மறைந்த ஆண்டு ஆகியவற்றிற் கயிறு அறுபடுகின்றது. பலர் அன்றே குறிக்கோளையும் எறிந்துவிடுகின்றனர். அவர் பற்றிநின்றது குளத்தையன்று, கயிற்றையே என்பது அப்போதுதான் வெளிப்படுகின்றது.

இனி, பிறர் சுட்டுங் குற்றமெல்லாம் குற்றமாமோ என்பாரும் உளர். ஆகா. அழுக்காற்றாற் சுட்டுவாரும், அறியாது சுட்டுவாரும் மிகப்பலர். பிராங்க்ளினின் நண்பர் சுட்டியது ஏன் ஏறிற்று எனின், பழிக்குநோக்கமின்றி, நிகழ்ந்தவற்றைக் காட்டிச் சுட்டினார். கேட்டவரும் மறுமொழி தேடாது, நிகழ்ந்ததுண்டோ என்று மட்டும் தம் நினைவிற் தேடினார். திருமடத்திற் பாடம் ஒப்பிக்கும் மாணாக்கன் தன் பிழையைத் தானே எண்ணுவதில்லை. மேல்வகுப்புத் தம்பிரான் எண்ணுவார். தானே எண்ணினால் எண் குறையும் என்பது முன்னோர்க்குத் தெரிந்தே இருந்தது. இல்வாழ்வார்க்குத் தம்பிரான் இல்லை. மனைவியும் மக்களும் உடன்பிறந்தாரும் நெடுநாள் நண்பரும் உளர்; அவருள் ஒருவரையேனும் அவ்விடத்தில் அமர்த்தி, ஆண்டிற்கு ஒருமுறையேனும் கேட்டறிதல் இயலாததன்று. கேட்குமிடத்து முகங் கோணாதிருத்தலே அரிது.

பதின்மூன்றாங் குணத்தைப் பிராங்க்ளின் எவ்வாறு பயின்றார் என்பது மட்டும் எஞ்சியுள்ளது. பணிவு உள்ளத்தில் எய்தியதென்று அவர் சொல்லவில்லை. அதன் தோற்றத்திலேனும் ஓரளவு தேர்ந்ததாகவே சொன்னார். பிறர் கருத்தை நேரே மறுத்தலைத் தவிர்த்தார். உறுதியாக, ஐயமின்றி என்றாற்போன்ற சொற்களைத் தம் நாவினின்றே விலக்கி, அவற்றினிடத்து, இப்போதைக்கு இவ்வாறு தோன்றுகின்றது என்னும் சொல்லை வைத்துக்கொண்டார். பிறர் ஒன்றைப் பிழைபடக் கூறின், சிலவிடத்து அஃது ஒக்கும், இவ்விடத்துச் சிறிது வேறுபாடு தோன்றுகின்றது என்று தொடங்குவார். முதலில் இயல்புக்கு மாறாக வலிந்து மேற்கொண்ட இவ்வழக்கம் நாளடைவில் எளிதாயிற்று. ஐம்பதாண்டாகத் தம் வாயினின்று முடிந்த முடிபாக ஒரு சொல் வந்ததை யாரும் கேட்டிலர் என்று அவர் முதுமையில் எழுதினார். அதனை எழுதுமிடத்துச் சிறிது பெருமிதம் தொனிக்கின்றது என்று படிப்போர் கூறின், அவரும் மறுத்திரார். நம் வாதசபைகளில் அரைநாட்பொழுதேனும் இப்போதைக்கு இவ்வாறு தோன்றுகின்றது என்று தொடங்கிப் பேசும் பண்டிதர் ஒருவரைக் காணல் அரிது. கண்டால், அவர் பொருள் அறியாதவர் என்றே சபையோர் எழுந்துவிடுவர்.